ஒன்பது மணிக்குள்

பாங் வண்டியைக் கிளப்பித் தெருமுனையைத் தாண்டும்வரை குயென் சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது. புத்தாண்டு பிறந்து எட்டாம் நாள், வேலை தொடங்கும் நாள். அப்படிப்பட்ட நாளில் வீட்டை விட்டுக் கிளம்பும் ஆணுக்கு வழியில் முதலில் ஒரு பெண் எதிர்ப்பட்டாலே காரியம் கெடும் என்பார்கள். அவள் கணவனை இழந்தவள் என்றால் கேட்கவே வேண்டாம். மாமியார் சமையலறைக் கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நிமிஷந்தான். மனசுல வச்சுக்காதே," என்றார் கதவுக்கு வெளியிலிருந்து.

"நானும் அதே இடத்துக்குத்தானேம்மா போறேன். அங்க போய் என் மூஞ்சியைப் பாக்க மாட்டாரா?"

"அங்க பாத்தா பரவால்ல. கிளம்பறப்ப எதிர்ல வரக் கூடாது."

மாமியார் கொடுமைக்காரி இல்லை. மருமகளின் கிண்ணத்தில் மீனின் நடுத்துண்டை எடுத்து வைக்கிற பெண்மணிதான். ஆனால் இளைய மகன் வின், குயெனின் கணவன், இறந்த மறுநாள், அவள் சட்டைகளில் துக்கத்துக்கான கறுப்புத் துணித்துண்டைத் தைத்தவரும் அவர்தான். வெள்ளை ஆய்வகக் கோட்டையும் விடவில்லை. இருபத்தேழு மாதம் அதை அணிய வேண்டும். பதினான்கு முடிந்திருந்தன.

வினுக்கு அண்ணன் பாங். ஹனோய் நகரின் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேதியியல் பிரிவுக்குத் தலைவர். குயென் அவருக்குக் கீழே வேலை பார்த்தாள். அவள் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தது ஒரே வேலைதான். நம் நரம்புகளின் மேல் ஏற்பிகள் என்று நுண்ணிய குழிகள் இருக்கின்றன. சரியான மூலக்கூறு வந்து அதில் பொருந்தினால் வலி அடங்கும். மருத்துவமனையில் கொடுக்கும் மருந்தும் அந்தக் குழியில்தான் உட்காருகிறது. ஆனால் வலியோடு சேர்த்து மூச்சையும் அடக்கிவிடுகிறது. மூச்சைத் தொடாமல் வலியை மட்டும் அடக்கும் ஒரு சின்ன மூலக்கூறை அவள் வரைந்தாள், கட்டினாள், கலைத்தாள், மறுபடி கட்டினாள். நாற்பத்தோராவதாகக் கட்டியது பொருந்தியது.

அதற்குள் வின் புற்றுநோயில் படுத்துவிட்டான். மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து டாக்டர்கள் மருந்தைக் குறைத்தே கொடுத்தார்கள். "சீக்கிரம் முடி. இல்லேன்னா உன் எலிக்குக் கிடைக்கிறது எனக்குக் கிடைக்காது," என்று சிரிப்பான். கடைசி வாரம் சிரிக்கவில்லை.

இந்த எட்டாம் நாளில் அந்த நாற்பத்தொன்றை முதல் முறையாகப் பெரிய அளவில் செய்ய வேண்டும். அது எலிகளுக்குப் போகும். நல்ல முடிவு வந்தால் மேலே போகும். இல்லையென்றால் அதோடு சரி.

ஆய்வகத்தில் மேசைமேல் வேகவைத்த கோழியும், சிவப்புப் பசையரிசிச் சோறும், ஊதுபத்தியும் வைத்திருந்தார்கள். வருடத்தின் முதல் குடுவையை ராசியான கை வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கணவன் உயிரோடு இருந்து, இரண்டு ஆண் பிள்ளைகளும் உள்ள சக ஊழியை ஹானைப் பாங் தேர்ந்தெடுத்திருந்தார். குயென் மூன்று நாளைக்கு இதைத் தொட வேண்டாம், வாசலுக்கு வெளியே நிற்கலாம் என்று பக்குவமாகச் சொன்னார். நல்ல நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது என்றும் சொன்னார்.

எட்டே முக்காலுக்கும், குடுவையைக் கடுங்குளிரில் வைக்கத் தேவையான ட்ரை ஐஸ் வரவில்லை. கடைக்குப் போன் செய்தார்கள். அவர்களுக்கு நல்ல நேரம் ஒன்பதுக்குப் பிறகாம். அதற்கு முன்னால் கடை திறக்க மாட்டார்களாம்.

பாங் யோசித்தார். சாதாரண ஐஸில் உப்பைப் போட்டுக் குடுவையை வைக்கச் சொன்னார்.

"அண்ணா, அது மைனஸ் பதினஞ்சைத் தாண்டாது," என்றாள் குயென் வாசலிலிருந்து. "மைனஸ் எழுபத்தெட்டு வேணும்."

"நல்ல நாள் அதுவுமா வாசல்ல நின்னு ஆகாது போகாதுன்னு பேசாதே."

ஹான் திரும்பிக் குயெனைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்திரண்டுக்கு வேதிக் கரைசலைக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தாள்.

அந்த மூலக்கூறுக்கு இரண்டு உருவம் உண்டு. இடக்கையும் வலக்கையும் போல, கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றதாகத் தெரியும். இடக்கை வலியை அடக்கும். வலக்கை மூச்சை அடக்கும். குளிர் போதவில்லை என்றால் பாதிக்குப் பாதி இரண்டும் உண்டாகும். வழக்கமான தூய்மைச் சோதனையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிரித்துக் காட்டுவது, கரைசலுக்குள் போகும் ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும் ஒரு கருவிதான். அதில் அளப்பது குயெனின் வேலை. குயென்தான் தொடக் கூடாதே. தூய்மை தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று எழுதி, மூன்றாம் நாளே பொடியை அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத் தகவல் வந்தது. எலிகள் மூச்சடங்கிச் செத்துவிட்டன.

பாங் யாரையும் திட்டவில்லை. நாற்பத்தொன்றை மூடிவிடலாம் என்று மட்டும் கூட்டத்தில் சொன்னார். வீட்டில் மாமியார்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாசல்ல கூட நிக்காம இருந்திருக்கலாம் நீ," என்றார். குயென் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வினின் கடைசி வாரம் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை குளிர்பெட்டியில் மிஞ்சியிருந்த பொடியை எடுத்துக் கரைத்துக் கருவியில் வைத்தாள். ஒளி இடப்பக்கம் நன்றாகத் திரும்பியிருக்க வேண்டும். அசையவே இல்லை. எண் பூஜ்யத்தில் நின்றது. மூன்று முறை அளந்தாள்.

ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதினாள்: ட்ரை ஐஸ் இல்லை. ஐஸும் உப்பும். மைனஸ் பதினான்கு. நல்ல நேரம் முடியுமுன் தொடங்கப்பட்டது. இடமும் வலமும் சம அளவு.

அந்தக் குறிப்பேட்டின் பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருக்கும்; கிழிக்க முடியாது. ஆனால் செய்ததைக் கண்ணால் பார்த்த இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடாத பக்கம் செல்லாது. சாட்சி இல்லையென்றால் நாற்பத்தொன்று மூடியது மூடியதுதான்.

ஹான் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா நான்தான் கெடுத்தேன்னு ஆகும்."

"நீங்க கெடுக்கலக்கா. கடிகாரம் கெடுத்துச்சு."

"கடிகாரத்துக்குச் சம்பளம் நிறுத்த முடியாதே." ஹான் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் வீட்டுக்காரன் இருக்கான் பாரு, அந்த ராசிக்காரன், டெட் புத்தாண்டுப் பண்டிகைக்குக் கூட வீட்டுக்கு வரல. ஹாய்ஃபோங்ல எவ கூடவோ இருக்கான். அவன் உயிரோட இருக்கிறதால என் கை ராசியாம். நாளைக்கு அவன் குடிச்சுட்டு லாரில அடிபட்டான்னா அதே கை தரித்திரம் ஆயிடும். கை அதேதான் குயென். நேத்து மீன் கழுவின கை."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நேரம் எழுத வேண்டிய இடத்தில் 'தொடங்கியது 8.52' என்று தன் கையாலேயே சேர்த்தாள்.

பாங் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் மோசமான வேதியியலாளர் அல்ல. பூஜ்யம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். காது சிவந்தது. மறுபடி செய்யலாம் என்றார். ஆனால் இந்த முறை இன்னும் நல்ல நாளாகப் பார்த்து, ஹானின் கையால்தான் என்றார்.

அந்த நாள் வந்தது. நல்ல நேரம் அன்றும் ஒன்பதோடு முடிந்தது. ட்ரை ஐஸ் முதல் நாளே வாங்கி வைத்திருந்தார்கள். எட்டரைக்கு ஹான் வந்தாள். வந்தவள் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வெளியே, குயெனை நிற்க வைத்த அதே இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நேரமாகுது ஹான்," என்றார் பாங்.

"ஆகட்டும் சார். இங்கேருந்து பாத்தா உள்ள நல்லாத் தெரியுது."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல சார். யாருக்குத் தெரியுமோ அவ செய்யட்டும்."

பாங் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலை விட்டு விலகி நின்றார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் வேறு எங்கோ பார்த்தார்கள். குயென் கறுப்புத் துணி தைத்த கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் அவசரப்படவில்லை. வெப்பமானி மெல்ல இறங்கியது. மைனஸ் நாற்பதில் மணி ஒன்பது அடித்தது. ஒன்பது இருபத்தேழுக்கு மைனஸ் எழுபத்தெட்டைத் தொட்டதும் முதல் சொட்டை விட்டாள்.

இந்த முறை எலிகள் பிழைத்தன. வலி அடங்கி, கூண்டில் அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. ஒளி இடப்பக்கம் திரும்பியது.

இரவுச் சாப்பாட்டின்போது பாங் விஷயத்தைச் சொன்னார். மாமியார் கையைக் குவித்து வினின் படத்தைப் பார்த்தார். பிறகு மீனின் நடுத்துண்டை எடுத்துக் குயெனின் கிண்ணத்தில் வைத்தபடி, நிஜமான நிம்மதியோடு சொன்னார்:

"நல்லவேளை, அந்த ஹான் பொண்ணு வாசல்ல நின்னா. அவ ராசிதான் காப்பாத்துச்சு."

பாங் மறுக்கவில்லை. சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். குயென் மீனைச் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் காலை பாங் வண்டியை வெளியே தள்ளியபோது சமையலறையில் குயென் இல்லை. தெருமுனையில், அவர் கண்ணில் படுகிற முதல் ஆளாக, கறுப்புத் துணித் துண்டோடு நின்றிருந்தாள்.

"அண்ணா, ஒரே இடத்துக்குத்தானே போறோம்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.