லக்ஷனின் கமரா நடுக்கம்

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனும் இனி எந்த வரிசையிலும் நிற்கத் தேவையில்லை என்பது லக்ஷனின் கோட்பாடு. மண்ணெண்ணெய்க்கு, பாணுக்கு, ஊர்விட்டுப் போகும் பாஸுக்கு, நிவாரணத்துக்கு, கடைசியாகப் பெற்றோலுக்கு என்று இந்த மண் நின்ற நேரத்தைக் கூட்டினால், மிச்ச உலகத்தின் பங்கையும் நாங்களே நின்று முடித்துவிட்டோம் என்று பல்கலைக்கழகக் கன்ரீனில் அவன் நிறுவியிருந்தான். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லாரும் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றார்கள்.

ஆகவே வியாழன் காலை, நெல்லியடி வீட்டில் அக்கா கஜந்தினி சொன்ன செய்திக்கு அவன் தலை நிமிரவில்லை.

"டேய், எங்கடை போன் மொடலிலை கமராப் பிழையாம். கம்பனியே ஒத்துக்கொண்டிட்டுது. சும்மா மாத்திக் குடுக்கினம். நாளைக்கு ஒருநாள்தான் டவுனுக்கு வருகினம், காலமையிலை இருந்து நாலு மணி மட்டும். சீரியல் நம்பரைப் போட்டுப் பாத்தன், என்ரை போன் தகுதியாம்."

கனடாச் சித்தி இருவருக்கும் ஒரே பெட்டியில் அனுப்பிய ஒரே மாதிரிப் போன்கள்.

"போய் நில்லு. நான் நிக்கிற ஆளில்லை."

"உன்ரை கமராவும் ஆடுதெல்லோ?"

"அது ஆடேல்லை அக்கா. அது பாணி."

"நல்லது. பிறகு என்ரை போனைத் தா எண்டு வாசல்லை வந்து நிக்காதை."

அந்தப் பாணியில்தான் அவன் மூன்று கிழமையாகக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். நண்பர் கூட்டத்தில் நல்ல கமரா இருந்தது அவனிடம் மட்டும். அதனால் இயக்குநரும் அவனே. போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் ஞாயிறு. அந்த வியாழன் பின்னேரம் கொழும்புத்துறை இறங்குதுறையில், இறுதிக் காட்சியைக் கதாநாயகன் றஜிந்தனுக்குப் போட்டுக் காட்டினான். படத்தில் றஜிந்தன் கடலைப் பார்த்து, "எனக்கு ஒண்டுக்கும் பயமில்லை" என்றான். சொன்னவன் தலையிலிருந்து கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இதிலை நான் வசனம் பேசுறனோ, சன்னி வந்து பிதற்றுறனோ?"

"அது கதாபாத்திரத்தின்ரை உள்மனம்."

"சரி, எனக்கு உள்மனம். பின்னாலை நிக்கிற வள்ளத்துக்கு என்ன?"

லக்ஷன் வள்ளத்தைப் பார்த்தான். அதுவும் பயந்துதான் இருந்தது.

றஜிந்தன் சிரிப்பை நிறுத்தினான். "எட்டுப் பேர் மூண்டு கிழமையாய் வெயிலிலை காய்ஞ்சிருக்கிறம். சனி விடிய ஆடாத கமராவோடை வா, திரும்ப எடுப்பம். இல்லையெண்டால் எங்கடை பேர்களை வெட்டிப்போட்டு, உன்ரை உள்மனத்தைத் தனிய அனுப்பு."

வீடு திரும்பும் பஸ்ஸில் லக்ஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யன்னலைத் திறந்தான், மூடினான். பக்கத்தில் இருந்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீரியல் நம்பரை அடித்தான். 'உங்கள் கைபேசி தகுதியுடையது' என்று வந்தது. களவெடுத்துப் பிடிபட்டவன்போல் சுற்றிலும் பார்த்தான். கீழே சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை: டிஸ்பிளேயில் வெடிப்பு இருக்கக் கூடாது. அவனுடையதில், வலது மூலையில், மயிரிழை அளவில் ஒன்று இருந்தது. அதன்மேல் பெருவிரலை வைத்துப் பார்த்தான். அளவாக மூடியது.

அக்கா விடியவே போய் வந்துவிட்டாள் என்பதை உறுதிசெய்துகொண்டு, வெள்ளி பத்தரைக்கு இரவல் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனான். ஹெல்மெற்றைக் கழற்றாமலே வரிசையில் நின்றான். வரிசை நகர்ந்தபோதெல்லாம் அவன் இருமடங்கு நகர்ந்து, முன்னால் நின்றவரின் குதியை இரண்டுதரம் மிதித்தான். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மேசைக்கு வந்தான். அங்கே இருந்த பெண் நம்பரைப் பார்த்தாள்.

"நம்பர் சரி. அந்த விரலை எடுங்கோ தம்பி."

"எந்த விரல்?"

"உந்த விரல்."

எடுத்தான்.

"வெடிச்ச டிஸ்பிளேயோடை கழட்டினால் முழுக்க உடைஞ்சுபோம். புதுசு போட்டுக்கொண்டு நாலு மணிக்குள்ளை வாங்கோ, செய்து தாறம். ஆனால் திரும்பக் கியூவிலைதான் வரோணும்."

"அக்கா, நான் இப்பத்தானே நிண்டு..."

"எல்லாரும் இப்பத்தான் நிண்டவை."

பஸ் நிலையத்தடியில் மூன்று கடை ஏறி இறங்கியபின்தான் அந்த டிஸ்பிளே கிடைத்தது. கடைக்காரர் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, ஒவ்வொன்றையும் பற்றி யோசித்தார். லக்ஷன் கடைக்குள் நடந்தான், வாசலுக்கு நடந்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். போன் கைக்கு வந்து உயிர்த்ததும் றஜிந்தனின் அழைப்பு வந்தது.

"எங்கை மச்சான் நிக்கிறாய்?"

"ஒரு இடமும் நிக்கேல்லை," என்றான் லக்ஷன், ஓடிக்கொண்டே.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. வரிசை வாசலைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, வீதி முடக்கில் திரும்பியிருந்தது. ஹெல்மெற்றை டிஸ்பிளே போட்ட கடையிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய வகுப்புக்காரர் இருவர் வீதியின் மறுகரையால் போனார்கள்.

லக்ஷன் முடக்கால் திரும்பி, போனைச் சேட் நுனியில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணை, நீங்களோ கடைசி?"