மைடப்பா படத்தில் தங்கிய விதம்

பிராணிகள் காப்பகத்துக்காக ஸ்டூடியோக்காரர் எடுத்த படங்களில் எந்த விலங்கும் விடியும்வரை தங்கியதில்லை. மாலையில் பிரிண்ட் போட்டு மாட்டினால் காலையில் பின்னாலிருந்த நீலத் திரை மட்டும்தான் மிச்சம். வெள்ளைப் பூனை இறங்கிப் போனபோது சட்டத்தின் கீழ் விளிம்பில் ரோமம் ஒட்டியிருந்தது. முயல் போகிற போக்கில், பக்கத்துப் படத்திலிருந்த கல்யாணப் பெண்ணின் பூச்செண்டைக் கடித்துத் தின்றுவிட்டது. பெண் வீட்டாருக்கு வேறு பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. மற்றபடி தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பேப்பர் மட்டம் என்றார்கள்.

காப்பகத்தை நடத்தியவள் அவருடைய தங்கை, கால்நடை டாக்டர். கைவிடப்பட்ட பிராணிகளை அள்ளிக்கொண்டு வந்து, படம் போட்டு வீடு தேடித் தருவாள். மைடப்பா என்ற கறுப்பு நாய்க்கு மட்டும் வீடு அமையவே இல்லை. குட்டியாக வந்தது, மூக்கோரம் நரைத்துவிட்டது. விடிவதற்குள் காலியாகிவிடும் அதன் படத்திலும் அது தார் கொட்டிய மாதிரிதான் இருக்கும். கண் எது, காது எது என்று தெரியாது. யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு கம்பியருகே வந்து நிற்கும். அவர்கள் பக்கத்துக் கூண்டுக்குப் போய்விடுவார்கள்.

கோளாறு அண்ணன் கையில்தான். காலமெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுத்த கை. நாயையும் ஸ்டூலில் ஏற்றி, "நேரா பாரு, சிரிக்காத, ரெண்டு காதும் தெரியணும்" என்று மிரட்டி, மேலிருந்து ஃபிளாஷ் அடிப்பார். அப்படி உட்காரவைத்தால் யார்தான் தங்குவார்கள்?

ஒருநாள் தங்கைக்குப் பொறுமை போயிற்று. "அது என்ன வெளிநாடா போகப்போகுது? கீழ இறங்கி அதோட கண்ணப் பாருண்ணா."

"முட்டி மடங்கினாத்தானேம்மா?"

"மடங்கலைன்னா படுத்துக்கோ."

படுத்தார். திரையைச் சுருட்டி, ஃபிளாஷைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழுந்த தரையில், இஸ்திரி போட்ட சட்டையோடு. மைடப்பா அவர் காதை முகர்ந்தது, கேமராவை நக்கியது, பிறகு அலுத்துப்போய் எதிரே தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. கறுப்புக்குள் இரண்டு பழுப்புக் கண்கள் தெளிந்து வந்தபோது பட்டனை அழுத்தினார்.

அந்தப் படம் காலையில் காலியாகவில்லை. நாய் சட்டத்துக்குள் புரண்டு படுத்திருந்தது, அவ்வளவுதான். கடை ஜன்னலில் மாட்டினார். கண்ணாடியில் கை வைத்தவர்களுக்கெல்லாம் உள்ளங்கை ஈரமானது. பஸ் டிரைவர் ஒருவர், நிறுத்தமே இல்லாத அந்த இடத்தில் தினமும் வண்டியை நிறுத்தி, பயணிகள் கத்தக் கத்த இறங்கிப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் காப்பகத்துக்கே வந்துவிட்டார்.

"இவ்வளவு நக்கினப்புறம் இத இங்க விட்டுட்டு நான் எப்படிம்மா போறது?" என்று மைடப்பாவைத் தூக்கிக்கொண்டார். தங்கை சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள். அண்ணன் படத்தையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

டிரைவர் வீட்டில் இப்போது இரண்டு தட்டு வைக்கிறார்கள், ஒன்று வாசலில், ஒன்று கூடத்துச் சுவரில் படத்துக்குக் கீழே. இரண்டும் காலியாகின்றன. டிரைவரின் மனைவிக்கு ஒரே ஒரு குறைதான்.

"சுவத்துல இருக்கறது தன்னோடத முடிச்சிட்டு வாசல் தட்டையும் எட்டிப் பாக்குதுங்க."

அதனால் வாசல் தட்டைச் சமையலறைப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.