பேச்சு, இரைச்சல், மிச்சம்

தொண்ணூற்று மூன்று.

டேபிள் ஃபேனை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து, கம்ப்யூட்டர் கேபினெட்டின் திறந்த விலாவுக்குள் காற்று போகும்படி சாய்த்துக்கொண்டு நின்றாள் அவள். தோள்பட்டை கடுத்தது. திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று ஆறு. நடுவில் ஐந்தைக் காணோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் படியைத் தாவுகிற மாதிரி தாவிவிட்டது.

“அத்தை, ஜன்னலை நல்லாத் திறங்க!”

“திறந்துதான் இருக்கு. வெயில்தான் உள்ள வருது. மூடவா?”

“மூடுங்க. இல்ல, திறங்க. ஏதாவது பண்ணுங்களேன்!”

மாமியார் ஏதாவது பண்ணினார். சமையலறைக்கு ஓடி, ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து எடுத்து வந்து கேபினெட்டின் தலைமேல் போட்டார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் போடுகிற அதே பதமான கையோடு.

“ஐயோ, கரண்டு! எடுங்க அதை!”

தொண்ணூற்று எட்டு. வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை கடைசிக் கால் பகுதிக்குள் நுழைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு கட்டை விரல் அகலம். ப்ளீஸ், ப்ளீஸ் என்று உதடு முணுமுணுத்தது.

நூறு.

டப்.

திரை கறுத்தது. அறையில் டேபிள் ஃபேனின் சத்தம் மட்டும். மாமியார் ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, அணைந்துபோன கம்ப்யூட்டரையே பார்த்தார்.

“அதே இடம்” என்றார் மெதுவாக. “எப்பவும் அதே இடத்துலதான் நிக்குது, பாத்தியா? அவன் பேசி முடிச்சதுக்கு அப்புறம் வர்ற இடம். அதுக்கு மேல நாம கேக்கறதுல அவனுக்கே இஷ்டமில்லையோ என்னமோ.”

“சூடு அத்தை. வெறும் சூடு.”

சொல்லிவிட்டு, டேபிள் ஃபேனைக் கீழே இறக்கி வைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியவன் அவள் கணவன். கப்பலில் எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஒரு பாகம் வாங்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு மாட்டியது. டிவி தொடர்களுக்கு வீட்டிலிருந்தபடியே சப்டைட்டில் எழுதுகிறவள் அவள், அவளுக்காகத்தான் கட்டினான். கோடை தொடங்கும்போது கப்பல் ஏறக் கிளம்பினான். அவள் தம்பிதான் துறைமுகம் வரை பைக்கில் கொண்டுபோய் விட்டுவந்தான். அன்றைக்கு மாலையே போனில் குரல் செய்தி வந்தது. ‘கப்பல் ஏறிட்டேன். சிக்னல் விட்டு விட்டு வருது. அம்மாவைப் பாத்துக்கோ. போய்ச் சேர்ந்ததும் பேசறேன்.’ பின்னால் எஞ்சினின் பேரிரைச்சல். பேச்சு முடிந்த பிறகும் அவன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. இரைச்சல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டே இருந்து, சட்டென்று அறுந்தது.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. போன் அணைந்தது அணைந்ததுதான். கம்பெனியைக் கேட்டால், உங்க வீட்டுக்காரர் கப்பலுக்கு வரவே இல்லையே என்றார்கள். பொய் சொல்றாங்கக்கா, ஆள் தண்ணில விழுந்திருப்பாரு, பொறுப்பு ஏத்துக்கப் பயந்து மாத்திப் பேசறாங்க என்றான் தம்பி. ஏறியிருந்தால் கடல் கொண்டுபோயிற்று. ஏறவில்லையென்றால் அவனாகவே போயிருக்கிறான். அழுவதா, காத்திருப்பதா, காறித் துப்புவதா என்று தெரியாமல் ஒரு கோடை முழுவதையும் தள்ளியாயிற்று.

பேச்சு முடிந்த பிறகு ஓடுகிற அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று அவள் காது சொன்னது. கப்பலின் அறிவிப்பாக இருக்கலாம், யாராவது அவனைக் கூப்பிடுவதாக இருக்கலாம். எதுவானாலும் அவன் எங்கே நின்றிருந்தான் என்பதற்கு அது சாட்சி. அவளிடம் இருந்த புரோகிராம் ஒரு ஒலியை மூன்றாக உரித்துக் கொடுக்கும்: பேச்சு, இரைச்சல், மிச்சம். ஆனால் பிராசசரை வாட்டி எடுக்கும். அதன் சூட்டை இறக்கும் கூலர் தாங்காமல் கம்ப்யூட்டர் செத்துவிழும். வேறு யாரிடமாவது கொடுத்து ஓட்டலாமே என்றபோது தம்பி ஒரே பிடிவாதம். குடும்ப விஷயத்தை ஊரான் காதுக்குக் கொடுக்காதே, நான் எதுக்கு இருக்கேன் என்றான். புதுக் கூலர் வாங்கிவந்தாள், அவனே மாட்டிக் கொடுத்தான். பயனில்லை. அதைவிடப் பெரியது வாங்கிவந்தாள், அதையும் அவனே மாட்டினான். இதோ, இப்போது இதுவும்.

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். தம்பி வரட்டும் என்று இந்த முறை காத்திருக்கத் தோன்றவில்லை. கை பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் கூலரைத் திருகிக் கழற்றி, துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்காரருக்குக் காத்தாடி என்று பட்டப்பெயர். சுவர் நிறைய ஃபேன்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழைய பிராசசரை வைத்திருப்பார்.

“மறுபடியுமா? மேடம், உங்க வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்களா, செங்கல் சூளை வச்சிருக்கீங்களா?”

“நூறு வரைக்கும் போகுதுங்க.”

“சான்ஸே இல்ல. நான் குடுத்த டவர் கூலரை எரிமலைக்கு மாட்டினாக்கூட அதுக்குச் சளி பிடிச்சுக்கும்.” அவர் கை தானாக மேல் அலமாரிக்குப் போய் ஒரு பெரிய பெட்டியை இறக்கியது. “எதுக்கு வம்பு? தண்ணி கூலருக்குப் போயிடுங்க. ரேடியேட்டர், பம்ப், மூணு ஃபேன். ராஜ வைத்தியம்.”

பெட்டியின் மேல் இரண்டு கறுப்புக் குழாய்களின் படம். உள்ளே ஓடுகிற தண்ணீரை நினைத்ததும் அவளுக்குக் கடல் ஞாபகம் வந்தது. “தண்ணி வேணாம்” என்றாள். “இதுல என்ன கோளாறுன்னு முதல்ல பாருங்க.”

காத்தாடி அலுத்துக்கொண்டே பைக்குள் கை விட்டு, டவரை எடுத்துக் கவிழ்த்தார். அடியில், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும் சாம்பல் நிறப் பேஸ்ட். துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

“மேடம், இதை விக்கும்போது அடியில இருக்கிற பிளாஸ்டிக்கை உங்க கண்ணு முன்னாலதானே உரிச்சேன்?”

“ஆமா. பாதிப் பேர் உரிக்காமலே மாட்டிட்டு வந்து உங்க கழுத்தை அறுக்கறாங்கன்னு சொன்னீங்க.”

“அப்ப இது என்ன?”

நகத்தின் நுனியில் ஒரு மெல்லிய படலம் எழும்பியது. கண்ணாடிபோல் இருந்தது, வெளிச்சம் படாவிட்டால் இருப்பதே தெரியாது.

“பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல இதை வச்சா சூடு எப்படி இறங்கும்? மாத்திரையை அட்டையோட முழுங்கின மாதிரிதான். ஆனா இது கம்பெனி பிளாஸ்டிக் இல்ல. அதுல சிவப்பு எழுத்து இருக்கும். இது கெட்டியா இருக்கு. யாரோ அளவு பாத்து வெட்டி ஒட்டியிருக்காங்க.” அவர் குரலில் ஒரு தொழில்காரனின் மரியாதை வந்துவிட்டது. “செஞ்சவன் சும்மா சொல்லக்கூடாது. நாலு ஓரமும் கத்தி. ஒரு குமிழி இல்ல, பாருங்க.”

பார்த்தாள். மொபைல் போனின் முகத்தில் ஒட்டுகிற ஸ்க்ரீன் கார்ட். ஒரு குமிழி இல்லை.

தம்பி போன் கடை வைத்திருந்தான். ‘நான் ஒட்டினதுல ஒரு குமிழி இருந்தா என் பேரை மாத்திக்கறேன்’ என்று வாடிக்கையாளர்களிடம் சவால் விடுவான்.

பையில் போன் அடித்தது. தம்பி.

“அக்கா, எங்க இருக்க?”

“கடையில.”

“எந்தக் கடை?”

சுவரில் எல்லா ஃபேன்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் வாசலுக்கு வந்தாள். “மளிகைக் கடைடா.”

“சரி. மெஷினை ஆன் பண்ணிடாத. பிராசசர் கருகிடும், அப்புறம் மொத்தமும் போச்சு. கடையை மூடிட்டு நானே வந்து பாக்கறேன். என்ன?”

“சரிடா.”

“என்னக்கா குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“வெயில்.”

அவனிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு தடுக்கவே இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

காத்தாடி பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார். “அப்ப இதை பில் போட்டுடவா?”

“வேணாம். இதையே எடுத்துக்கறேன். கொஞ்சம் பேஸ்ட் மட்டும் குடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் பரணில் கிடந்த, தம்பி முதலில் மாட்டிய கூலரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. அதே கத்தி, அதே சுத்தம். ஒன்று என்றால் மறதி என்று மனதை ஏமாற்றியிருக்கலாம். அவள் தரையில் உட்கார்ந்தாள். ஓர் ஆள் இதே தரையில் உட்கார்ந்து, அக்கா குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இதை எடுத்து ஒட்டியிருக்கிறான். அவள் தம்ளரோடு வந்தபோது சிரித்தபடி வாங்கிக் குடித்திருக்கிறான்.

பட்டாணி அளவு பேஸ்ட். டவரை நேராக இறக்கி, குறுக்கும் மறுக்குமாக ஸ்க்ரூவை முடுக்கினாள். பட்டனை அழுத்தினாள்.

நாற்பத்து ஒன்று.

புரோகிராமை ஓடவிட்டாள். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து எட்டு. அறுபதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்பி வந்தது. டவரின் ஃபேன் சுற்றுவதே தெரியவில்லை. இத்தனை நாள் இந்த அறையில் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது இப்போதுதான் புரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பச்சைப் பட்டை அந்தக் கடைசிக் கால் பகுதிக்குள் நுழைந்து, எப்போதும் செத்துவிழும் இடத்தைத் தாண்டி, சத்தமில்லாமல் நகர்ந்து, முடிந்தது.

“காய்ச்சல் விட்டுடுச்சா?” மாமியார் வந்து கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

முதல் கோப்பு: பேச்சு. திறந்தாள். இரைச்சல் இல்லாத குரல் அறைக்கு நடுவில் வந்து நின்றது. எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கப்பல் ஏறிட்டேன். சிக்னல் விட்டு விட்டு வருது. அம்மாவைப் பாத்துக்கோ. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கேட்டியா? ஏறிட்டேன்னுதானே சொல்றான்? எம் புள்ள பொய் சொல்ல மாட்டான். கம்பெனிக்காரனுங்களைச் சும்மா விடக்கூடாது. இரு, உன் தம்பிகிட்ட சொல்லிடறேன்.”

“அத்தை, வேணாம்...”

அவர் அதற்குள் போனோடு சமையலறைப் பக்கம் போயிருந்தார். “தம்பி, மெஷின் ஓடிடுச்சுப்பா! ஆமா, அவளே மாட்டிட்டா! தெளிவாக் கேக்குதுப்பா...” என்று சந்தோஷத்தில் உடைந்த குரல் கேட்டது. பிறகு, “என்னது? ஹலோ? ஹலோ?”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது: இரைச்சல். வழக்கமாக இதை யாரும் திறப்பதில்லை, தூக்கிப் போட்டுவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கப்பல் எஞ்சின். உறுமியது. உறுமல் வேகம் பிடித்தது, உச்சத்துக்குப் போனது. பிறகு தளர்ந்து, தளர்ந்து, கடகடவென்று உருண்டு, நின்றது. அதற்கு மேல் ஓடியது, இத்தனை நாள் எஞ்சினோடு ஒன்றாகக் கேட்ட, மைக்குக்கு மிக அருகில் சுற்றும் ஒரு ஃபேனின் இரைச்சல் மட்டும். துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற கப்பலின் எஞ்சின் ஏன் நிற்கவேண்டும்?

மூன்றாவது: மிச்சம்.

அவள் விரல்கள் பழக்கதோஷத்தில் கீபோர்டுக்குப் போயின. இருபது தொடர்களுக்கு மேல் எழுதிய விரல்கள். காது கேட்டதும் அவை அடித்துவிடும், மனது பிறகு வந்துதான் படிக்கும். ஒலி மிகத் தொலைவில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஒலியைக் கூட்டினாள்.

[வாஷிங் மெஷின் துவைத்து முடித்த பீப் ஒலி]

[அழைப்பு மணி]

[செருப்புச் சத்தம். தாழ்ப்பாள். கதவு திறக்கிறது]

பெண்: கண்ணாடியை மேசை மேலயே வச்சிட்டுப் போயிட்டாருடா. எப்படியாவது குடுத்தனுப்ப முடியுமா?

ஆண்: இப்பதானேக்கா ஏத்தி விட்டுட்டு வர்றேன். கப்பல் நகர்ந்திருக்கும்.

பெண்: உள்ள யாராவது இருக்காங்களா?

ஆண்: யாருமில்லக்கா. துணி போட்டிருக்கேன்.

[மிக அருகில், போனைப் பிடித்திருப்பவரின் அடக்கிய மூச்சு]

அத்தோடு அறுந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. அந்த மாலை அவளுக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் போன் அதிர்ந்தது. அந்தப் படியிலேயே நின்று, காதில் வைத்துக் கேட்டாள். ‘கப்பல் ஏறிட்டேன்.’ கேட்டுவிட்டு, நிம்மதியாக, மிச்சப் படிகளையும் இறங்கிப் போனாள்.

கீழே தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம். சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். “உன் தம்பிதான் போலிருக்கு. அவனுக்கும் சேத்து டீ போடட்டுமா?”

திரையில் ஒளிக்கோடு விட்டு விட்டு மின்னியது. பேசுகிறவர் யாரென்று தெரிந்துவிட்டால், ஆண், பெண் என்று விட்டுவைக்கக் கூடாது. தொழிலின் முதல் விதி. ‘ஆண்’ என்பதை அழித்து ‘தம்பி’ என்று அடித்தாள். பிறகு கோட்டை ஒரு வரி மேலே கொண்டுபோய், ‘பெண்’ என்ற இடத்தில் நிறுத்தினாள். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அவள் அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, அடித்தாள்:

நான்.