லேக் வியூவில் கனைப்பவர்கள்

லேக் வியூ ராயல் அவென்யூவுக்கு வருகிறவர்கள் ஏரி எங்கே என்று கேட்டால் முத்துநாயகத்துக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஏரி இருந்தது. அதில் மண்ணடித்து நிரப்பித்தான் அவென்யூ போட்டார்கள். பெயரை மட்டும் வீணாக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதுவும் சரியான பெயர் இல்லை. அது ஏரியே அல்ல, குளம். நெட்டாங்குளம். ஆனால் குளத்தைப் பார்த்த வீடு என்று சொன்னால் மனைவிமார் மூக்கைச் சுளிப்பார்கள், வாங்க வந்தவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

நாகர்கோவில் மாநகராட்சி ஆனதும் இந்தப் பக்கமெல்லாம் இப்படித்தான் பெயர் வாங்கியது. வயல் 'சிட்டி' ஆனது. தோப்பு 'கவுண்டி' ஆனது. நான்குவழிச் சாலை வந்ததும் ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளைக்கூட விளம்பரத்தில் போட்டு, 'சுவிட்சர்லாந்துக் காற்று' என்று விற்றார்கள். முத்துநாயகம் அந்த விளம்பரத்தைத் துபாயில் வைத்துப் பார்த்தார். அங்கே அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் பண்டகசாலை பார்த்தவர். ஊரில் அது ஜெனரல் மேனேஜர் என்று வழங்கியது, அவரும் மறுக்கவில்லை. ஜெனரல் மேனேஜர் தம் ஆயுளில் பாதியை, எட்டுப்பேர் படுக்கும் அறையில், குளியலறைக் கதவைத் தட்டி "யாரு உள்ள?" என்று கேட்டுக் கேட்டே கழித்தார். யாரிடமும் கேட்காமல் நுழைவதற்கு ஒரு வாசல் வேண்டும். அதற்காகத்தான் இந்த வீடு. மேற்குக் கோடியில், மதில் வளைகிற மூலை மனை. வேறு யாரும் போட்டியிடாததால் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் பதவியும் கூடவே வந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த இருமலைத் தவிர.

அவென்யூவுக்குத் தெற்கே பழைய நெட்டாங்குளத்து ஊர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த ஊர் ஆண்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போக இந்தத் தெரு வழியாகத்தான் வருவார்கள். பேசிக்கொண்டே வருகிறவர்கள், முத்துநாயகத்தின் மதிலை நெருங்கியதும் பேச்சை நிறுத்துவார்கள். தொண்டையைச் செருமி, பெரிதாக ஒரு கனைப்பு. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். மதில் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். காலையில் போகும்போது ஒன்று, அந்தியில் திரும்பும்போது ஒன்று. முட்டத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருகிற ஜான்ரோஸ்கூட, எல்லா வீட்டு முன்னாலும் ஹாரன் அடிப்பவன், இங்கே வந்தால் ஹாரனை விட்டுவிட்டுக் கனைப்பான்.

போர்ட்டிகோவில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் முத்துநாயகத்துக்கு முதலில் சந்தேகம் வந்தது, நம்மைத்தான் நக்கல் செய்கிறார்களோ என்று. சங்கச் செயலாளர் ஸ்ரீஜித் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர். உலகத்தில் எந்தச் சங்கடத்துக்கும் ஒரு மீட்டர் உண்டு என்று நம்புகிறவர். "அங்கிள், இது ஏர் குவாலிட்டி இஷ்யூ. நாலுவழிச் சாலைத் தூசி. லோக்கல் பீப்பிளுக்கு ஒரு ஃப்ரீ கேம்ப் போட்டா, ஆர்ச் திறப்புக்கு முன்னாடி நமக்கும் ஒரு நல்ல பேரு" என்றார்.

ஆர்ச் என்றால் அவென்யூவின் நுழைவாயிலில் கட்டிக்கொண்டிருந்த வளைவு. ரோமாபுரித் தூண், தூணுக்கு ஒரு சிங்கம். அதைத் திறக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். திறந்ததும் காப்பி முத்துநாயகத்தின் ஹாலில். அந்தக் காப்பிக்காகவே புது சோபா வந்திருந்தது. பெரிய மனிதர் உள்ளே நுழையும்போது மதிலோரம் நாலு பேர் இருமினால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே இலவச நெஞ்சுநோய் முகாம் நடந்தது. நெட்டாங்குளத்து ஆண்கள் வெள்ளை வேட்டி கட்டி மரியாதையாக வந்து வரிசையில் நின்றார்கள். முதலில் செல்வதாஸ், வாழைக்குலை வியாபாரம், நல்ல கட்டையான உடம்பு. டாக்டர் அவர் முதுகில் குழாயை வைத்தார்.

"இருமுங்க பாப்போம்."

"வரல்லியே டாக்டரே."

"தினமும் இருமுறீங்கன்னு கம்ப்ளெயிண்ட் இருக்கே?"

"அது இங்க வராது. அந்தா, சாருக்க மதிலு தொடங்குகுல்லா, அங்கன போனாத்தான் வரும்."

வரிசை முழுக்க ஆமாம் என்று தலையாட்டியது. முத்துநாயகம் எழுந்துவிட்டார். "என் மதில்ல என்னவே இருக்கு? மொளவாப்பொடியா தூவி வச்சிருக்கேன்?"

செல்வதாஸ் தலையைச் சொறிந்தார். "சாரு கோவப்படப்பிடாது. அது பெண்ணுவ கடவுல்லா."

கடவு என்றால் குளத்தில் இறங்குகிற படித்துறை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் கடவைத் தாண்டிப் போகிற ஆண் தூரத்திலேயே கனைக்க வேண்டும். குளிக்கிறவர்கள் கழுத்தளவு நீரில் அமுங்கிக்கொள்வார்கள், அல்லது "நில்லுங்கோ, ஆளு உண்டு" என்று குரல் வரும். வந்தால் நிற்க வேண்டும். வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும்.

"இப்ப குளம் எங்கவே இருக்கு?"

"இல்லதான்."

"பொறவு எதுக்கு?"

"நமக்குத் தெரியுது சாரே, தொண்டைக்குத் தெரியல்லியே" என்றார் செல்வதாஸ், மெய்யாகவே வருத்தப்பட்டு.

முத்துநாயகத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. மயிலாடிப் பக்கத்துக் குளக்கரையில், சிலைக்குக் கல் கொத்துகிற சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி கனைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்தான். ஆனால் அதை மறப்பதற்கு அவருக்கு வெளிநாட்டில் நல்ல சம்பளம் கொடுத்திருந்தார்கள். சங்கம் அவசரமாகக் கூடியது. பெண்கள் பக்கம் பார்க்காமல் போவது தொந்தரவா மரியாதையா என்று ஸ்ரீஜித்துக்கே தீர்மானிக்க முடியவில்லை. காறித் துப்புவதையும் சேர்க்க வேண்டும் என்றார் ஒருவர். விசிலையும் சேர்க்கச் சொன்னார் இன்னொருவர். கடைசியில் மதிலில் பலகை ஏறியது: 'இவ்விடத்தில் இருமுதல், கனைத்தல், தொண்டை செருமுதல் ஆகியவை கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளன. இப்படிக்கு நிர்வாகம்.'

மரியாதை தெரிந்தவர்களை விரட்டுவது சுலபம். நெட்டாங்குளத்துக்காரர்கள் பலகையைப் படித்தார்கள், மறுநாளிலிருந்து நான்குவழிச் சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜான்ரோஸ் தெருமுனையோடு நின்று போனில் கூப்பிட்டு மீன் கொடுத்தான்.

தெரு அமைதியானது. அந்த அமைதியில்தான் முத்துநாயகத்துக்கு அது கேட்டது.

அந்தி நேரம். போர்ட்டிகோவில் இருந்தார். உள்ளே துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். வீட்டில் வாஷிங் மெஷின். துவைக்கிற கல்லே கிடையாது. கூடவே பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற, ஒருத்தி சொல்வதை ஒருத்தி கேட்காத பேச்சு. எழுந்து ஹாலுக்குள் காலை வைத்தார். சட்டென்று நின்றது. நின்றது என்றால், யாருமில்லாத வீட்டின் அமைதி இல்லை. ஆட்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இந்த ஆள் எப்போது போவான் என்று பார்த்திருக்கிற அமைதி. புது சோபா அப்படியே இருந்தது. டைல்ஸ் தரை மட்டும் வேர்த்திருந்தது. செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பார்களே, அந்தத் தாளியின் வாசம்.

அவருக்குப் பயம் வரவில்லை. வந்தது கூச்சம். தம் சொந்த ஹாலில், தம் சொந்த ஏசிக்குக் கீழே நின்றுகொண்டு, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி வெளியே வந்தார்.

பிறகு தினமும் அதுதான். அடுக்களைக்குப் போனால் அடுக்களை வாய் மூடும். மாடிப்படி ஏறினால் மேலே சிரிப்பு அறுபடும். அவர் தண்ணீர் குடிக்கக்கூடக் குனிந்த தலையோடு போய்விட்டு வந்தார். சாப்பாட்டைப் போர்ட்டிகோவுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஸ்ரீஜித் பார்த்துவிட்டு, "சூப்பர் அங்கிள், அவுட்டோர் டைனிங்" என்று சங்கத்து வாட்ஸப் குழுவில் படம் போட்டார்.

இதில் விசித்திரம், அவர் மனைவி சண்முகவடிவு நன்றாக இருந்தாள். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், ராயல் அவென்யூவுக்குக் குடிவந்தது முதல் வாடிப்போய்க் கிடந்தாள். எதிர்வீட்டு அபிதா தினமும் போனில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று சண்முகவடிவுக்குத் தெரியாது. எல்லா கேட்டும் ரிமோட்டில் திறந்து ரிமோட்டில் மூடும். இப்போது அதே சண்முகவடிவு அந்தியில் ஈரத்தலையோடு, முகத்தில் மஞ்சளோடு, வெற்றிலை போட்டவள் மாதிரி சிவந்த வாயோடு நின்றாள்.

"நம்ம குஞ்ஞம்மைக்கு மருமவ சரியில்லியாம். சோறே போடுகது இல்லியாம்" என்றாள் ஒருநாள், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே.

"எந்தக் குஞ்ஞம்மை? யாரு சொன்னா?"

"பேச்சுவாக்குல வந்தது."

முத்துநாயகம் தெருமுனைக்குப் போய் ஜான்ரோஸைப் பிடித்தார். குஞ்ஞம்மை என்று யாராவது உண்டா?

ஜான்ரோஸ் சாளை மீனை எடைபோட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "நெட்டாங்குளத்துக் குஞ்ஞம்மையா? எங்க அப்பாகிட்ட மீனு வாங்குனவியல்லா. மருமவ சோறு குடுக்காமப் போட்டுத்தான் செத்தாவ. நமக்கு அப்ப மீசை மொளைக்கல்ல." பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "எதுக்கு சாரே கேக்குதிய?"

"சும்மா" என்றார் முத்துநாயகம்.

வீட்டுக்கு வந்து மனைவியைப் போர்ட்டிகோவுக்குக் கூப்பிட்டார். உள்ளே வைத்துப் பேச முடியாது; கேட்பார்கள். "ஏட்டி வடிவு, இந்த வீடு வேண்டாம். வித்துருவோம்."

"எதுக்கு? இப்பத்தான் இருக்க நல்லாருக்கு."

"எனக்கு உள்ள வர முடியல்லட்டி."

"உள்ள வரச்ச ஒரு கனைப்பு கனைச்சுட்டு வந்தா கொறைஞ்சா போவிய? நீங்கபாட்டுக்கு யானை மாதிரி வந்து நிக்கிய. அவியளுக்குக் கூச்சமா இருக்குல்லா."

"யாருக்கு?"

அவள் உள்ளே போனாள். பேச்சுச் சத்தம் மறுபடி கிளம்பியது. தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் முத்துநாயகத்துக்குச் சந்தேகமே இல்லை.

கனைப்பதில்லை என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார். என் வீடு. என் வாசல். பலகை போட்டவனே அதை மீறினால் நிர்வாகத்துக்கு என்ன மதிப்பு? பெரிய மனிதர் வந்து அந்த சோபாவில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பினார். அதிகாரத்துக்கு முன்னால் எதுதான் அடங்கவில்லை? குளமே அடங்கியதே.

ஆர்ச் திறப்பு சாயங்காலம் நடந்தது. கூட்டம் குறைவாகத் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று நெட்டாங்குளத்துக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். பெரிய மனிதர் ரிப்பனை வெட்டி, 'நீர்நிலைகளைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்' என்று அச்சுப் பிசகாத தமிழில் அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். குளமும் காலடியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு பொன்னாடைகள், நாதஸ்வரம், பின்னால் ஜனம் என்று ஊர்வலமாக முத்துநாயகத்தின் வீட்டை நோக்கி வந்தார்கள்.

சண்முகவடிவு பட்டுச்சேலையில், ஆரத்தித் தட்டோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். வீட்டுக்குள் வேறு யாரும் கிடையாது. வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே சோபா தெரிந்தது.

"வாங்க, வாங்க" என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் போன முத்துநாயகத்தின் தொண்டையில் ஏதோ உருண்டது. விழுங்கப் பார்த்தார். பல்லைக் கடித்தார். பலகைக்கு நேர் கீழே, பெரிதாக, மயிலாடிக் குளத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு கனைப்பு வந்துவிட்டது.

நாதஸ்வரம் நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. இளம் குரல், தண்ணீரில் பட்டுத் தெறித்து வருகிற குரல். "நில்லுங்கோ, ஆளு உண்டு."

"மேடமா?" என்றார் பெரிய மனிதர், சிரித்தபடி. பிறகு பக்கத்தில் தட்டோடு நின்ற சண்முகவடிவைப் பார்த்தார். சிரிப்பு போயிற்று.

முதலில் செல்வதாஸ்தான் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பினார். அவர் பின்னால் நெட்டாங்குளத்து ஆண்கள் எல்லோரும். நாதஸ்வரக்காரர்கள் திரும்பினார்கள். சங்க உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஸ்ரீஜித், எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல சார், டிவிச் சத்தம். நீங்க உள்ள வாங்க" என்றார் முத்துநாயகம்.

பெரிய மனிதர் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். "இருக்கட்டும்வே. அவிய கரையேறட்டும்" என்றார். அன்று மாலை முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த சொந்த ஊர்ப் பேச்சு அது ஒன்றுதான்.

சண்முகவடிவு தட்டைக் கணவன் கையில் கொடுத்தாள். கொடியில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எங்கட்டி போற? நானும் வாறேன்."

"பெண்ணுவ கடவுக்கு நீங்க எப்படி வருவிய?" என்றாள், குழந்தைக்குச் சொல்வது போல. படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "வாட்டி வடிவு, இத்தற நேரமா?" என்று ஒரு குரல். ஆள் நகர்ந்து இடம் கொடுக்கிறபோது எழும் அலைச் சத்தம். பிறகு சண்முகவடிவின் சிரிப்பு. வாய்விட்ட, பெரிய சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து முத்துநாயகம் அதைக் கேட்டதில்லை.

வெகுநேரமாகியும் யாரும் நகரவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. ஸ்ரீஜித் மெல்லப் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்: "அங்கிள், டோர் லாக் ஆயிருச்சா? சாவி உங்க கையில இருக்குல்ல?"

முத்துநாயகம் ஒற்றைக் கையால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"சாவி இருக்கு மக்கா" என்றார், சாலையைப் பார்த்தபடி.