குழாயின் இரண்டு பக்கம்

"உங்க பக்கம்தான் சம்பந்தி, கண்ணு இருந்தா பாருங்க, மடிப்பு விழுந்திருக்கும்..."

"என் பக்கம் மடிப்பா? தளர விட்டது யாரு? எத்தனை தடவ சொன்னேன், இறுக்கி இழுங்கன்னு..."

"நான் இழுக்காமலா இத்தனை நாளும் பொறி வராம இருந்துச்சு?"

"இழுத்துப் பிடிக்கிறதுல உங்க குடும்பத்த யாரு மிஞ்ச முடியும்? கல்யாணத்துலயே பாத்தோமே."

பள்ளத்துக்குள் நின்ற பொறிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் தோளில் ஒரு பெட்டி, கையில் கம்பிச்சுருள். சுருளைக் குழாயின்மேல் உருட்டிக்கொண்டே வருவார். சுற்றியிருக்கும் கறுப்பு டேப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும், அந்த இடத்தில் நீலப் பொறி பட்டென்று வெடிக்கும். இன்றைக்கு வெடித்துவிட்டது. மேலே மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலையிடத்தில் அந்த இரண்டு பெண்களையும் குட்டை சம்பந்தி, நெட்டை சம்பந்தி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குட்டை பெண்ணைக் கொடுத்தவள். நெட்டை பிள்ளையைப் பெற்றவள். அந்தப் பிள்ளை சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறான். அவனைப் புரட்டிப் போடவும் துடைக்கவுமே பெண்ணுக்குப் பொழுது சரியாகப் போகிறது. ஒரே அறையில் நாலு பேர். ஒரு சம்பந்தியின் கூலி மருந்துக்கு, இன்னொரு சம்பந்தியின் கூலி உலைக்கு.

வேலையோ இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆகும். குழாயைத் துருப் போகத் தேய்த்து, டேப் ஒட்டிப் பிடிக்கப் பிரைமர் பூசி, ஆளுக்கொரு பக்கம் குந்திக்கொள்ள வேண்டும். டேப் சுருளை ஒருத்தி அடியாகத் தள்ள, மற்றவள் வாங்கி மேலாகத் திருப்பிக் கொடுப்பாள். மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கப்போவது அந்த டேப் ஒன்றுதான். கொஞ்சம் இடம் விட்டாலும் ஈரம் அந்த ஓரிடத்தையே பிடித்துக்கொண்டு அரித்துத் துளைத்துவிடும். உள்ளே ஓடப்போவது எரிவாயு.

"போய் ஒட்டுப் போடுங்க," என்றார் மேற்பார்வையாளர். "மத்தது அப்புறம்."

இரண்டு பேரும் பள்ளத்தில் இறங்கினார்கள். குட்டை சம்பந்தி பொறி வெடித்த இடத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்த கை நின்றது. டேப் நசுங்கிக் கிழிந்திருந்தது. நீள்வட்டமாக ஒரு தடம், அதை ஒட்டிக் குறுக்காக இன்னொன்று, மறுபடி ஒன்று.

"சம்பந்தி, இத கொஞ்சம் பாருங்க."

நெட்டை முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "சங்கிலி," என்றாள்.

குழாயை அகலமான துணி பெல்ட்டில்தான் கட்டி இறக்க வேண்டும். பெல்ட் அறுந்ததிலிருந்து கிரேன்காரர் இரும்புச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். இவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்தது நினைவுக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

பொறிக்காரரும் எட்டிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த குழாய்க்கு நடந்துவிட்டார்.

"சார், இது சங்கிலி அழுத்துன தடம். சுத்தினதுல தப்பில்ல சார்," என்றாள் குட்டை.

"இப்ப சங்கிலியா?" மேற்பார்வையாளருக்குக் கோபம்கூட வரவில்லை. "கொஞ்சம் முன்னாடி நீங்க அவங்க கைன்னீங்க, அவங்க உங்க கைன்னாங்க. நானா சொன்னேன்? இங்க இருக்கற அத்தனை பேரும் கேட்டாங்களே."

"அது எங்க வீட்டுச் சண்டை சார். அதையெல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்கலாமா?"

"பொறி வந்துச்சு, ஒரு ஆள நிறுத்திட்டேன்னு மேல சொல்லியாகணும்மா. சங்கிலிய வீட்டுக்கு அனுப்பவா?"

கிரேன்காரர் தன் கதவுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"இனிமே பள்ளத்துக்குள்ள இணைப்பு வேலைதான். குட்டையா இருக்கறவங்கதான் அடியில நுழைய முடியும். நீங்க இருங்க. அவங்க நாளையிலருந்து வேண்டாம்."

"நான் போறேன் சார், அவங்க இருக்கட்டும். முதல்ல வாயத் திறந்தவ நான்தான்," என்றாள் குட்டை.

"அவங்க முட்டியே மடங்கல. பாத்தேன்."

"ஒருத்தியா எப்படி சார் சுத்தறது?"

"இந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டு, அடியில புகுந்து அந்தப் பக்கம் போய் எடுங்க. மனசிருந்தா மார்க்கமுண்டு."

அவர் போய்விட்டார். நெட்டை சம்பந்தி கையுறைகளைக் கழற்றினாள். அவை இறுகக் காய்ந்திருந்ததால், விரல் விரலாக இழுக்க வேண்டியிருந்தது. கழற்றியதைக் குட்டையின் பக்கம் நீட்டினாள்.

"உங்களது கிழிஞ்சிருக்கு. வச்சுக்குங்க."

"நான் வேணும்னே உங்க மேல பழி போடல சம்பந்தி."

"நான் மட்டும் வேணும்னேவா போட்டேன்?" என்றாள் நெட்டை. "போகுது விடுங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுல மாமியாரா இருந்து பாக்கறேன். உங்க பொண்ணுதான் பாவம்."

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். குட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிழிந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் காலை பள்ளத்துக்குள் அவள் மட்டும் இருந்தாள். இணைப்பைத் தேய்த்துப் பிரைமர் பூசியாகிவிட்டது. தூசி படிவதற்குள் சுற்றியாக வேண்டும். மேலே கிரேன் இன்னொரு குழாயைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது. அவள் டேப்பின் நுனியை ஒட்டி, இறுக்கிப் பிடித்து, சுருளை அடியாகத் தள்ளினாள். தோள் இரும்பில் இடிக்கும்வரை கையை நீட்டி, அப்படியே காத்திருந்தாள். சுருள் கனத்தது.

"வாங்கிட்டீங்களா, சம்பந்தி?"