வால் முதலில்

"நாய் ஒரே ஈத்துல ஏழு குட்டி போடுது. ஓங்கல் மட்டும் ஏன் ஒண்ணே ஒண்ணு போடுது, சொல்லு பாப்போம்?" என்று ஷீஜா அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். எங்கள் காலடியில் செத்து ஒதுங்கிய ஓங்கல் ஒன்று கிடந்தது. டால்பினைத்தான் எங்கள் கரையில் ஓங்கல் என்போம். ஷீஜா அக்கா தூத்துக்குடிக் கல்லூரியில் கடல் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பெரியதாழையிலிருந்து கீழவைப்பார் வரை எங்கே ஓங்கல் ஒதுங்கினாலும் ஸ்கூட்டியில் வந்து அளவெடுப்பாள். அவள் அளவைச் சொல்லச் சொல்ல அவளுடைய நோட்டில் எழுதுவது என் வேலை. பேசாத பிள்ளை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மூளைதான்ளா காரணம்," என்று அவளே பதிலும் சொன்னாள். "உடம்புல ரொம்பத் தின்னுற உறுப்பு அது. எலிக்கு மூளை சின்னது. மூணு வாரத்துல எட்டு குட்டி போட்டுட்டு அடுத்த ஈத்துக்குப் போயிரும். ஓங்கலுக்கு மூளை பெருசு. ஒரு வருசம் சுமந்து ஒண்ணு பெத்து, ரெண்டு மூணு வருசம் பால் குடுக்கணும். அந்த ஒண்ணு போச்சுன்னா அத்தனை வருசமும் போச்சு."

"மனுசிக்கு?" என்றேன். அவளிடம் நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"மனுசிக்கு இடுப்பெலும்பு குறுக்க நிக்கி. தலை முழுசா வளந்துட்டா வெளிய வர முடியாது. அதான் நம்ம பிள்ள வேகாத சோறு மாதிரி பாதியில பொறந்துருது. மிச்ச மூளை வெளிய வந்துதான் வளருது. ஓங்கலுக்கு அப்படி எலும்பு தடுக்காது. பெரிய தலையோட பொறந்து, பொறந்த நிமிசமே நீந்தும்."

என் அம்மாவுக்கு அந்த எலும்புதான் குறுக்கே நின்றது. பிள்ளையின் தலை பெரிது, ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரியில் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் முந்தியே வலி வந்துவிட்டது. வண்டி தூத்துக்குடி ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது அம்மா போய்விட்டாள். பிள்ளையை மட்டும் எடுத்தார்கள். அவள்தான் ஜெபசெல்வி. வேகாத சோற்றுக்கு அடுப்பருகே ஆள் வேண்டுமே. பத்தாம் வகுப்பில் பாதியில் நின்று நான் அவளோடு உட்கார்ந்தேன். இப்போது அவளுக்கு மூன்று வயது.

அன்று ஷீஜா அக்கா மணலில் குச்சியால் படம் போட்டும் காட்டினாள். ஓங்கல் குட்டிக்கு வால்தான் முதலில் வரும், தலை கடைசியில். தண்ணீருக்குள் பிறப்பதால் மூச்சுத் துளை கடைசி வரை உள்ளே இருப்பதே நல்லது. "எப்பவாவது உயிரோட ஒதுங்கி, வால் தெரிஞ்சா யாரையும் இழுக்க விடாத. இடுப்பளவு தண்ணில தாங்கிப் பிடிச்சா போதும். முடிஞ்சா அதுவே பெத்துக்கும்."

வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிற என் நோட்டில் அதை அப்படியே எழுதி வைத்தேன்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை அப்படித்தான் வந்தது.

ஓங்கல் உயிரோடு கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் தலையிலிருந்து நீர் தெறித்தது. ஜெபசெல்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் போனபோது இருபது பேர் கூடியிருந்தார்கள். என் அப்பா ஃபிராங்க்ளின் ஈரச் சாக்கை அதன் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார். வலையில் ஓங்கல் விழுந்தால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

"தார்ப்பாயக் கொண்டாங்கலே. தலையக் கடல் பாத்துத் திருப்பி உள்ள கொண்டு போயிருவோம்," என்றார் அப்பா.

அப்போதுதான் அடிவயிற்றில் சின்ன வால் ஒன்று மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க," என்று வெள்ளத்துரை அண்ணாச்சி முன்னே வந்தார். தேரிக்காட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் கருவாடு வாங்க வருகிறவர். ஊரில் அறுபது ஆடு வைத்திருக்கிறார். "திருப்பிப் போட்டுருக்கு. ஆட்டுக்குப் பின்னங்கால் முன்னால வாரது மாதிரி. சட்டுன்னு இழுக்கணும். தண்ணிக்குள்ள கொண்டு போனா குட்டி மூச்சு முட்டிச் செத்துல்லா போவும்."

அப்பாவோடு தொழிலுக்குப் போகும் அற்புதமணி மாமா சிரித்தார். "கடல் சாதிக்கு ஆட்டுக்கார வைத்தியராக்கும்!"

"ஏலே, நூறு ஆட்டுக்கு இழுத்துப் போட்ட கை இது. நீங்க மீனத்தான இழுப்பிய?"

"இது மீனில்ல அண்ணாச்சி. பால் குடுக்குற சாதி."

"அதத்தான நானும் சொல்லுதேன்! பால் குடுத்தா அது ஆடு மாதிரிதான்."

தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்கள் கீழே வைத்துவிட்டார்கள். நான் கூட்டத்துக்கு வெளியே நின்று ஷீஜா அக்காவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: ஓங்கல் உயிரோடு ஒதுங்கியிருக்கிறது. வால் முதலில் வருகிறது. இழுக்கப் போகிறார்கள். அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

அண்ணாச்சி துண்டை அந்தச் சின்ன வாலில் சுற்றினார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. சுற்றிலும் பார்த்தார். அவர் கண் என்னிடம் வந்து நின்றது.

"ஏளா, நீ அந்த மேடத்தோட திரிஞ்சவதான? இத இழுக்கலாமா கூடாதான்னு எதுவும் சொல்லிருக்காவளா?"

இருபது முகமும் என் பக்கம் திரும்பின. கூடாது என்பது ஒரு சொல். அது என் நெஞ்சுக்குள் முழுதாக இருந்தது. அண்ணாச்சி துண்டைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். ஜெபசெல்வியின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

"அதுக்கு என்ன தெரியும், பாவம்," என்றார் அற்புதமணி மாமா.

இழுத்தார்கள். முதலில் அண்ணாச்சி மட்டும். பிறகு இன்னும் இருவர். ஓங்கல் விசிலடிப்பது போல் மெல்லிய ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. தலை வர நேரமாயிற்று. வந்தபோது தொப்புள்கொடி அறுந்து, மணலெல்லாம் ரத்தம். குட்டி இரண்டு முறை மூச்சு விட்டது. அலையில் வைத்தார்கள். ஒருபுறமாகச் சாய்ந்து மிதந்தது. தாயையும் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். அது ஆழத்துக்குப் போகவில்லை. திரும்பி வந்து மூக்கால் குட்டியைக் கரைப்பக்கமாக உந்தியது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி வந்தது. பதினோரு மணிக்கு அதுவும் அடங்கிவிட்டது.

அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தார். அன்று அவர் கருவாடு எடுக்கவில்லை.

ஷீஜா அக்கா வந்தபோது ஈ மொய்த்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு அளந்தாள். குட்டியின் நீளம் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். தலைச் சுற்றளவு ஐம்பத்திரண்டு. அவள் சொன்னதை எழுதினேன். தாயின் காம்பை அழுத்தினாள். பால் வந்தது. அதையும் எழுதினேன்.

எல்லாம் முடிந்தபின் போனை எடுத்து என் செய்தியை மறுபடி படித்தாள். எங்கிருந்து எழுதினேன் என்று அளப்பது போல, நான் நின்ற இடத்தையும் ரத்தம் ஊறிய மணலையும் பார்த்தாள்.

"இவங்ககிட்ட சொன்னியாளா?" என்றாள்.

நான் வாய் திறக்குமுன் அப்பா குறுக்கே வந்தார். "அவள ஒண்ணும் சொல்லாதிய மேடம். பச்சப்பிள்ள. நான் அவகிட்டயே கேட்டேன், அதப்பத்தி மேடம் ஒண்ணும் சொல்லலன்னு தலையாட்டிட்டா. தெரிஞ்சா சொல்லிருக்க மாட்டாளா?"

ஷீஜா அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன். என் கையிலிருந்த அளவு நோட்டையும் பேனாவையும் மெதுவாக எடுத்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றினாள். அப்பா ஏதோ கேட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் மணலில் நடந்து ரோட்டுக்குப் போய், வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.