மஞ்சள் கோடு போட்ட முதல் நாள்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொல்கிறார்கள். நான்தான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

என் பெண் ஒன்றாம் வகுப்பு. மூன்று மணிக்கு விடுவார்கள். பள்ளியின் கேட்டில் மொய்க்கும் கூட்டத்துக்குப் பயந்து, நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். மணி அடித்ததும் அவள் கேட்டில் நிற்கக் கூடாது. அதே தெருவில் நான்காவது வீட்டுச் சுவரோரம் எங்கள் வெள்ளைக் கார் நிற்கும். நேரே வந்து அதன் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த நான்காவது வீட்டுக்காரருக்குத்தான் என்னைக் கண்டால் ஆகாது. எழுபது வயதிருக்கும். தன் வீட்டுக் கேட்டை யாரும் மறிக்கக் கூடாது என்று சாலையில் பூந்தொட்டிகளை வரிசையாக வைப்பார். நான் இறங்கி அவற்றைத் தள்ளிவிட்டு வண்டியைச் சொருகுவேன். எங்கள் வீட்டில் அவருக்குத் தொட்டித் தாத்தா என்று பெயர். கடைசியில் மனுஷன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, நகராட்சியில் கொடுத்து, தெரு முழுக்க மஞ்சள் கோடு போட வைத்துவிட்டார். திங்கட்கிழமை முதல், பள்ளி விடும் நேரத்தில் அங்கே எந்த வண்டியும் நிற்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை அவரோடு கடைசிச் சண்டை.

"ஏம்மா, குறுக்கும் நெடுக்குமா இப்படி வண்டிய நிறுத்துறீங்களே, நடுவுல பிள்ளைங்க ஓடுது. ஏதாவது ஒண்ணு ஆனாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வருமா?"

"வாயக் கழுவுங்க பெரியவரே!" என்று கத்திவிட்டுக் காரில் ஏறினேன். ஆத்திரம் அடங்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் பெண்ணிடம் திரும்பி, "அந்தத் தாத்தா ரொம்பக் கெட்டவரு. கூப்பிட்டாப் போகாத. கிட்ட வந்தா ஓடிடு" என்றேன். சொன்னபோது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஞாயிறு இரவு சாப்பிடும்போது என் கணவர், "நாளைலேருந்து அங்க நிறுத்த முடியாது. பாப்பாகிட்ட வேற இடம் சொல்லி வை" என்றார்.

"ஒரு கிழவருக்குப் பயந்து நான் இடத்த மாத்தணுமா? அங்கயேதான் நிறுத்துவேன். யாரு கேக்குறான்னு பாக்கறேன்."

பாப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை அறுத்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. திங்கட்கிழமை, கையில் இருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தெருவில் நுழைந்தேன். சீருடையில் இரண்டு பேர் நின்றார்கள்.

"நிறுத்தாதீங்க, எடுங்க எடுங்க."

"ரெண்டே நிமிஷம் சார். குழந்தை வந்துடும்."

"எல்லாரும் அதேதாம்மா சொல்றாங்க. நகருங்க."

பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. நகர்ந்தேன். ஒருவழிப் பாதை, திரும்பி வர முடியாது. பக்கத்துத் தெருக்களில் ஊசி குத்த இடமில்லை. நூலகத்தின் பின்னால் ஓர் இடம் கிடைத்தபோது மணி மூன்றே கால். அங்கிருந்து ஓடினேன். ஓட ஓடத்தான் உறைத்தது. அவள் இந்நேரம் வந்து பார்த்திருப்பாள். கார் இருந்திருக்காது.

"பாப்பாவா? எப்பவும் போல அந்தப் பக்கம் போச்சே" என்றார் பள்ளிக் காவலாளி.

நான்காவது வீட்டுச் சுவரோரம் வெறும் மஞ்சள் கோடு. அந்த வீட்டின் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"ரெட்டைச் சடை போட்ட குட்டியா? இங்கதான் ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் அழுதுக்கிட்டே மெயின் ரோடு பக்கம் ஓடுச்சு. இந்த வீட்டுப் பெரியவரு பின்னாடியே ஓடினாரு."

பின்னாடியே ஓடினாரா? ஏதாவது ஒண்ணு ஆனாத்தான் புத்தி வருமா என்று கேட்டவர் அல்லவா? அவள் பெயரை வாய்விட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். அந்த ஆளை என்னவெல்லாம் சபித்தேன் என்று கணக்கில்லை.

மெயின் ரோட்டில் பேருந்துகளும் லாரிகளும் ஓய்ந்த பாடில்லை. எதிர்ப்பக்கம், தெருவிலிருந்து விரட்டப்பட்ட பள்ளிக் கார்கள் எல்லாம் வரிசையாக நின்றிருந்தன. முக்கால்வாசி வெள்ளை. அவற்றில் இரண்டுக்கு நடுவே ஒரு நீலப் பை தெரிந்தது. என் பெண். சாலையின் விளிம்பில், பம்பரைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். எங்கள் காரைத் தேடி அத்தனை வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து போயிருக்கிறாள்.

அவளிடமிருந்து இருபதடி தள்ளி, அதே பக்கத்து நடைபாதையில் தொட்டித் தாத்தா நின்றார். அவர் ஓரடி எடுத்து வைத்தார். அவள் சாலைப் பக்கம் ஓரடி நகர்ந்தாள். அவர் சட்டென்று நின்றுவிட்டார்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிடாதே, கூப்பிடாதே என்று இரண்டு கையையும் ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குரலைக் கேட்டால் அவள் குறுக்கே என்னிடம் ஓடி வருவாள்.

பெற்றவள் நான், என் பிள்ளை கண்ணில் படக் கூடாதென்று பேருந்து நிறுத்தத்துப் பலகைக்குப் பின்னால் ஒளிந்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பிறகு குனிந்தபடி சிக்னலுக்குப் போனேன். சிவப்பு விழவே இல்லை. லாரி ஒவ்வொன்றும் அவளை மறைத்து விலகும்போது, அவள் அங்கே இருப்பாளா என்று உயிர் போய் உயிர் வந்தது. ஒருவழியாகக் கடந்து, கார்களை ஒட்டியே போய், பின்னாலிருந்து அவளை வாரி எடுத்தேன். வீல் என்று கத்தினாள். நான்தான் என்று தெரிந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பெரியவர் அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"அழுதுக்கிட்டு நின்னா. உள்ள வந்து உக்காரும்மான்னு கூப்பிட்டேன். என்னைப் பாத்ததும் ஓட ஆரம்பிச்சுட்டா. நான் துரத்தத் துரத்த ரோட்டுல எறங்கிட்டாம்மா. அவ கடந்ததும் நானும் கடந்து வந்து, தள்ளியே நின்னுட்டேன். கிட்ட போகவும் முடியல, விட்டுட்டுப் போகவும் முடியல. ஏன் என்னைக் கண்டு இப்படிப் பயப்படறா?"

நான் அவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"அம்மா, கெட்ட தாத்தா! வா, ஓடிடலாம்" என்று கத்தினாள் என் பெண்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இல்லடா கண்ணு, நல்ல தாத்தாடா. அம்மாதான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை, முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். "ஐயா, என்னை மன்னிச்சிடுங்க" என்று நான் அழுதேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் வீடு நான் போகவேண்டிய வழியில்தான். ஆனால் அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். "பின்னாடி நான் வந்தா மறுபடி பயப்படும். நீ இப்படிப் போ. நான் சுத்திக்கிட்டு வரேன்."

ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி நடந்தார். அவர் மூலை திரும்பி மறையும் வரை என் பெண்ணின் நகங்கள் என் கழுத்தை விடவில்லை.